கருக்கால ஓமோனும் புற்றுநோயின் போக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கடனீரேரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றிச் செல்வதற்காக இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது செவிவழி வந்த வரலாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலும் இவ்வாற்றங்கரையிலேதான் உள்ளது. முகத்துவாரத்தில் கதவுகளோடு கூடிய அணையொன்றும் உண்டு. மாரி வெள்ளத்தை வேண்டிய அளவு கடலுக்கு விடுவதும், கடல்நீர் உள்ளே ஏறாது தடுப்பதும் அதன் தொழில்.

அக்கதவுகளின் அருமையைக் கமக்காரர் நன்கறிவர். கடலில் உப்பிருத்தல் குற்றமன்று. அது கடலின் இயல்பு. அதே உப்பு மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றில் தலைகாட்டினால், எங்கோ ஒரு தடை தளர்ந்துவிட்டது என்பது பொருள். எவ்வளவு உவர்க்கின்றது என்பது கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்பதைக் காட்டும். அன்றியும், அவ்வுப்பு வெறும் அறிகுறியாக நின்றுவிடுவதில்லை. பயிரின் வேரைக் கருக்குவதும் அதுவே.

மனித உடலிலும் இத்தகைய பொருளொன்று உண்டு. கருவுற்ற தாயின் குருதியில் அது இருப்பது இயல்பு, இருந்தே ஆகவேண்டும். கருவுறாத பெண்ணின் உடலிலோ ஆணின் உடலிலோ அது மிகுந்து காணப்படுமாயின், மருத்துவர் அதனைப் பொருட்படுத்தாது விடுவதில்லை. மனிதக் கோரியோனிய கொனடோத்திரோபின் என்பது அதன் நெடும்பெயர். எச்.சி.ஜி. என்னும் சுருக்கப் பெயரே வைத்தியசாலைகளில் வழங்குவது. கருக்கால ஓமோன் என்று சொன்னால் அதன் தொழிலும் விளங்கிவிடும்.

கருத்தரித்து ஆறேழு நாட்களில் முளையம் கருப்பைச் சுவரில் ஒட்டுகின்றது. பின்னர் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் புறக் கலங்கள் அப்பொழுதே இவ்வோமோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. சூலகத்திலுள்ள மஞ்சட்சடலம் வாடிவிடாதிருக்க வேண்டும். அது வாடினால் மாதவிடாய் வந்து கரு வெளியேறிவிடும். 'வாடாதே, நின்று சுர' என்று மஞ்சட்சடலத்துக்குக் கருவிடமிருந்து செல்லும் ஓலையே இந்த ஓமோன் எனலாம். முதற் சில வாரங்களில் இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை இதன் அளவு ஏறத்தாழ இரட்டிக்கின்றது. எட்டாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரையில் உச்சத்தை அடைந்து, ஒரு லீற்றர் குருதியில் 1,00,000 அலகு வரையும் அதற்கு மேலும் செல்லக்கூடும். கருவுறாத உடலில் 5 அலகுக்கும் குறைவாகவே இருக்கும். இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைக் காட்டும் பொருள்கள் உடலில் மிகச் சிலவே.

1927ஆம் ஆண்டளவில் பேர்லின் நகரில் செல்மார் அஷ்ஹைம், பேர்ணாட் சொண்டெக் என்னும் இருவர், கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இளம் எலிக்குச் செலுத்தினால் அதன் சூலகம் பருவமெய்திவிடுவதைக் கண்டனர். கருப்பத்தை உறுதிசெய்யும் முதல் நம்பகமான சோதனை அதுவே. பின்னர் ஆபிரிக்கத் தவளையொன்று எலியின் இடத்தைப் பெற்றது. சிறுநீர்ச் சாரத்தை ஏற்றிச் சில மணி நேரத்தில் தவளை முட்டையிட்டதா என்று பார்ப்பார்கள். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சிறு பட்டியின் முன்னோர் இந்த எலியும் தவளையுமே.

இனி, இவ்வோமோன் புற்றுநோயோடு உறவுகொள்ளும் இடத்துக்கு வரலாம். நஞ்சுக்கொடியின் கலங்கள் விந்தையானவை. அவை தாயின் இழையத்துக்குள் துளைத்துச் செல்கின்றன. குருதிக் குழாய்களைத் தமக்கென்று திருப்பிக்கொள்கின்றன. பாதி அந்நியமாயிருந்தும் தாயின் நோயெதிர்ப்பு ஆற்றலால் விரட்டப்படாமல் வாழ்கின்றன. இவை மூன்றும் புற்றுநோய்க் கலங்களின் குணங்களே. வேறுபாடு ஒன்றுண்டு. நஞ்சுக்கொடி தன் எல்லையில் நின்றுவிடும், புற்று நிற்பதில்லை. இவ்வொப்புமையைக் கண்டு, கருவுறுதலே புற்றுக்கு வழிகாட்டும் என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. கருக்காலத்தில் இவ்வோமோன் உயர்வது நலத்தின் குறியே.

எனினும் சில வேளைகளில் கருவே பிழைபட அமைந்துவிடுகின்றது. குழந்தை உருவாகாமல், நஞ்சுக்கொடி மட்டும் நீர் நிறைந்த சிறு கொப்புளங்களாகத் திராட்சைக் குலைபோல வளரும். தமிழில் இதனை முத்துப்பிள்ளைக் கருப்பம் என்பர். இத்துணை அழகிய பெயர் இத்துணைத் துயரமான நிலைக்கு எப்படி வாய்த்ததோ! மேலை நாடுகளில் ஆயிரம் கருப்பங்களுக்கு ஒன்று என்னும் அளவில் இது நேர்கின்றது. ஆசிய நாடுகள் சிலவற்றில் அதனினும் மிகுதி என்று பழைய கணக்குகள் கூறுகின்றன. கருப்பையைத் துப்புரவு செய்தபின் பெரும்பாலோர் முற்றும் நலமடைகின்றனர். ஆனால் முழுமையான முத்துப்பிள்ளைக் கருப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 முதல் 20 பேரிடம் எஞ்சிய கலங்கள் மீண்டும் தழைக்கின்றன. அவற்றுட் சில கோரியோகார்சினோமா என்னும் கொடிய புற்றாக மாறுகின்றன. அபூர்வமாக, இயல்பான பேற்றுக்குப் பின்னரும் கருச்சிதைவுக்குப் பின்னரும் இப்புற்றுத் தோன்றுவதுண்டு. குருதி வழியே விரைந்து நுரையீரலுக்கும், ஈரலுக்கும், மூளைக்கும் பரவும் இயல்புடையது இது. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையில், பரவிய நிலையில் இந்நோய் கண்ட பெண்கள் ஓராண்டைக் காண்பது அரிதாயிருந்தது.

நிலைமையை மாற்றியவர் மின் சியூ லி என்னும் சீன மருத்துவர். அமெரிக்காவின் பெதெஸ்டா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ரோய் ஹெர்ட்ஸ் என்பவருடன் அவர் பணியாற்றினார். 1956இல், நுரையீரலெங்கும் நோய் பரவிக் குருதி கசிந்து உயிர் ஊசலாடிய ஓர் இளம் பெண்ணுக்கு மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தை அவர் கொடுத்தார். கட்டிகள் கரைந்தன, எக்ஸ்கதிர்ப் படத்தில் நுரையீரல் தெளிந்தது. எவரும் அத்தோடு மருந்தை நிறுத்தியிருப்பர். லி நிறுத்தவில்லை. நோயாளியின் சிறுநீரில் கருக்கால ஓமோன் இன்னும் சிறிதளவு இருந்தது. கட்டி கண்ணுக்கு மறைந்தாலும், ஓமோன் இருக்கின்றதென்றால் அதனைச் சுரக்கும் கலம் எங்கோ இருக்கின்றது என்பது அவருடைய வாதம். ஓமோன் முற்றாக மறையும் வரை அவர் மருந்தைத் தொடர்ந்தார்.

மேலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. கட்டியே இல்லாத நோயாளிக்கு நஞ்சொத்த மருந்தை ஏற்றுவது, ஓர் எண்ணுக்கு மருத்துவம் பார்ப்பதாகும் என்று அவர்கள் கருதினர். 1957இல் லி அந்நிலையத்தை விட்டு நீங்க நேர்ந்தது. காலப்போக்கில் உண்மை வெளிப்பட்டது. கட்டி மறைந்தவுடன் மருந்தை நிறுத்திய நோயாளரிடம் புற்று மீண்டது. ஓமோன் மறையும் வரை மருந்து பெற்றோரிடம் மீளவில்லை. பரவிய திண்கட்டிப் புற்றொன்று மருந்தினால் மட்டும் குணமானது மருத்துவ வரலாற்றில் அதுவே முதன்முறை. 1972இல் லஸ்கர் பரிசு பெற்றோருள் லியும் ஹெர்ட்ஸும் இருந்தனர். அந்தப் பரிசைவிடப் பெரிது, அவர் விட்டுச்சென்ற விதி: எண் இயல்பு நிலைக்கு வரும் வரை நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாகாது.

அம்மருந்தின் கதையிலும் நம் நாட்டவர்க்கு நெருக்கமான பகுதியொன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் வேலைசெய்த கருவுற்ற பெண்களின் சோகைநோயை ஆராய்ந்தார். ஈஸ்ட்டுச் சாரத்தில் அந்நோயை மாற்றும் பொருளொன்று இருப்பதைக் கண்டார். அதுவே பின்னர் போலிக் அமிலம் எனப்பட்டது. இன்று கருவுற்ற தாய்மார்க்கு மாத்திரையாக வழங்கப்படுவது. அந்த அமிலத்தையும், அதனைப் போன்று தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் போலிப் பொருள்களையும் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்றவர். கதர் அணிந்து சத்திர சிகிச்சைக் கூடத்துக்குச் சென்றமையால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உயர்ந்த பட்டத்தை இழந்தவர் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. மெதோட்ரெக்சேட் அவருடைய குழுவின் ஆக்கங்களுள் ஒன்று. 1948இல் அவர் காலமானார். கருக்காலப் புற்றை அம்மருந்து வென்ற செய்தியைக் கேட்க அவர் இருக்கவில்லை.

லியின் காலத்தில் ஓமோனை அளந்தது எலியின் உடல். அது நுட்பமான தராசன்று. அன்றியும் ஓர் இடர் இருந்தது. இவ்வோமோன் அல்பா, பீற்றா என்னும் இரு புரதச் சங்கிலிகள் இணைந்து ஆனது. 92 அமினோ அமிலங்கள் கொண்ட அல்பாச் சங்கிலி, கபச் சுரப்பியின் மூன்று ஓமோன்களிலும் அப்படியே காணப்படுகின்றது. 145 அமினோ அமிலங்கள் கொண்ட பீற்றாச் சங்கிலியே இதற்குரிய தனி அடையாளம். 1972இல் ஜூடித் வைட்டுகைட்டிஸ் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் அந்தப் பீற்றாவை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைக் கொண்டு குருதிச் சோதனை ஒன்றை அமைத்தனர். அதன்பின் மிகச் சிறிய அளவையும் ஐயமின்றி அளக்க முடிந்தது.

அளவிட முடிந்தமையால் நோயின் போக்கை முன்கூட்டிக் கணிக்கவும் முடிந்தது. பன்னாட்டு மகப்பேற்று மகளிர் மருத்துவச் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் ஏற்ற முறையின்படி, சிகிச்சைக்கு முன்னர் ஓமோன் 1,000 அலகுக்குக் குறைவாயின் புள்ளி இல்லை. 1,00,000 அலகோ அதற்கு மேலோ ஆயின் 4 புள்ளி. நோயாளியின் வயது, முந்திய கருப்பம் எத்தகையது, அதன்பின் கழிந்த மாதங்கள், கட்டியின் பருமன், பரவிய இடம், பரவிய கட்டிகளின் எண்ணிக்கை, முன்பு தோற்ற மருந்துகள் ஆகியவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தம் 6 வரையில் இருந்தால் ஒரே மருந்து போதும். 7ஓ அதற்கு மேலோ ஆயின் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பர். முதல் வகையினர் ஏறக்குறைய அனைவரும் குணமடைகின்றனர். தேர்ந்த நிலையங்களில் இரண்டாம் வகையினரிலும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆண்களின் விதைப்புற்றிலும் இவ்வோமோன் இதே வேலையைச் செய்கின்றது. அங்கே 5,000 அலகுக்குக் கீழ் நல்ல குறி. 50,000க்கு மேல் கடினமான குறி.

கருவோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத புற்றுகளில் நிலை வேறு. 1973இல் கிளென் பிரோன்ஸ்டீனும் பிறரும் பல்வகைப் புற்றுநோயாளரின் குருதியை ஆராய்ந்து, அவர்களுள் ஒரு பகுதியினரிடம் இவ்வோமோன் இருப்பதை வெளியிட்டனர். பின்னர் நுரையீரல், சிறுநீர்ப்பை, பெருங்குடல், கணையம், சிறுநீரகம் எனப் பல உறுப்புகளின் புற்றுகளில் அது காணப்பட்டது. இவை பெரும்பாலும் முழு ஓமோனைச் சுரப்பதில்லை. பீற்றாச் சங்கிலியைத் தனியே வெளிவிடுகின்றன. எல்லா நோயாளரிடமும் அது இராது. இருப்பவர்களிடம் நோய் முற்றியும் பரவியும் இருத்தல் மிகுதி; மருந்துக்கு இணங்குவது குறைவு; ஆயுளும் சுருங்குகின்றது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ இத்திசையிலேயே சுட்டுகின்றன. எல்லாப் புற்றுக்கும் ஒரே அளவில் அது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும்.

ஏன் அங்ஙனம்? பிறந்தபின் உறங்கச் சென்ற முளையப் பருவத்து மரபணுக்கள் புற்றுக் கலத்தில் மீண்டும் விழிக்கின்றன என்பது ஒரு விளக்கம். அப்படியாயின் ஓமோன் வெறும் அறிகுறி. கலம் எவ்வளவு நெறிதவறிவிட்டது என்பதற்குச் சான்று. ஆனால் 1994இல் எக்ஸ்கதிர் கொண்டு இவ்வோமோனின் வடிவத்தைக் கண்டபொழுது, கலங்களை வளரத் தூண்டும் சில புரதங்களின் முடிச்சே பீற்றாச் சங்கிலியிலும் இருப்பது தெரிந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுக் கலங்களில் நடந்த ஆய்வுகூடச் சோதனைகளில், சாகவேண்டிய கலங்களைப் பீற்றாச் சங்கிலி சாகவிடாது காப்பதும் புலனாயிற்று. கிணற்று உப்புப் போல, குறியும் அதுவே, கேடும் அதுவே என்று கொள்ள இடமுண்டு. மனித நோயாளரில் அக்கேட்டின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் அறுதியாகவில்லை.

கேடு செய்வது அதுவேயாயின் அதனைத் தடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் புது தில்லியில் நெடுங்காலம் வளர்ந்தது. பேராசிரியர் ஜி. பி. தல்வார் 1970ஆம் ஆண்டுகளிலிருந்து இவ்வோமோனுக்கெதிரான தடுப்பூசியை ஆக்க முயன்றார். கருத்தடைக்காகவே அம்முயற்சி தொடங்கியது. அவர் முதல் இயக்குநராயிருந்த தேசிய நோயெதிர்ப்பியல் நிலையத்தின் ஆய்வில் 148 பெண்கள் ஊசி பெற்றனர். போதிய பிறபொருளெதிரி இருந்த 1,224 மாதவிடாய்ச் சுற்றுகளில் ஒரேயொரு கருப்பமே நேர்ந்தது என 1994இல் முடிவு வெளியாயிற்று. அதே பிறபொருளெதிரி, இவ்வோமோனைச் சுரக்கும் புற்றையும் தாக்காதா என்பது அடுத்த வினா. மஞ்சளிலுள்ள குர்க்குமினைப் பிறபொருளெதிரியோடு பிணைத்துக் குருதிப்புற்றுக் கலங்களின்மேல் விட்டபோது, அவை ஆய்வுகூடத்தில் மடிந்தன. இதைக் கேட்டு மஞ்சளை உண்டால் புற்று மாறும் என்று முடிவுகட்டுதல் பேதைமை. அங்கே மஞ்சளின் சத்து அம்பின் முனையில் தடவிய மருந்து; இலக்கைத் தேடிச் சென்றது பிறபொருளெதிரி. இன்றுவரை இவ்வோமோனுக்கெதிரான எந்தத் தடுப்பூசியும் புற்றுக்குரிய வழமையான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

இந்த எண்ணை வாசிப்பதிலும் பிழை நேர்வதுண்டு. சிலரது குருதியில் இயல்பாகவே உள்ள வேறு பிறபொருளெதிரிகள் சோதனையை ஏமாற்றி, இல்லாத ஓமோனை இருப்பதாகக் காட்டும். 2000ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையொன்று, இவ்வாறு ஏமாந்து புற்றுநோய் என்று தவறாகக் கொள்ளப்பட்ட 12 பெண்களைப் பற்றிக் கூறியது. அவர்களுட் பலர் தேவையற்ற மருந்துகளுக்கோ சத்திர சிகிச்சைக்கோ ஆளாயினர். அவ்வேமாற்றுப் பிறபொருளெதிரிகள் சிறுநீரில் இறங்குவதில்லை. ஆகவே குருதியில் உண்டு, சிறுநீரில் இல்லை என்றால் மருத்துவர் ஐயுறவேண்டும். மறுதலையான பிழையும் உண்டு: ஓமோன் மிக மிக மிகுந்திருந்தால் சோதனை திக்குமுக்காடிக் குறைவான எண்ணைக் காட்டிவிடும், குருதியை ஐதாக்கி மீண்டும் அளந்தால் உண்மை வெளிவரும். மாதவிடாய் நின்ற பெண்களில் கபச் சுரப்பியே சிறிதளவு சுரப்பதும் இயல்பு. புற்று உண்டா இல்லையா என்று அறிய எவரும் கருப்பச் சோதனைப் பட்டியை நாடக்கூடாது. பட்டி முழு ஓமோனைத் தேடுவதற்கென்று அமைந்தது. தனிப் பீற்றாவை அது தவறவிடலாம். அது இல்லை என்று காட்டினால் நோயில்லை என்பது உறுதியாகாது.

இவை எல்லாவற்றிலும் குடாநாட்டுக் குடும்பங்களை நேரே தொடுவது முத்துப்பிள்ளைக் கருப்பத்தின் பின்னான கண்காணிப்பே. தொண்டைமானாற்றுப் பெண்ணொருத்திக்கு அந்நிலை நேர்ந்தால், மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ கருப்பையைத் துப்புரவு செய்து வீட்டுக்கு அனுப்புவர். சில நாட்களில் அவள் எழுந்து நடமாடுவாள், சமைப்பாள், சந்நிதிக்கும் போய்வருவாள். உடலில் ஒரு குறையும் தெரியாது. குழந்தையை எதிர்பார்த்து ஏமாந்த வீட்டில் அதைப் பற்றி மீண்டும் பேசவே எவரும் விரும்பார். அந்நிலையிலேதான் வாரந்தோறும் குருதி கொடுக்க வா என்று வைத்தியசாலை அழைக்கின்றது. வீண் அலைச்சல் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் கலம் மீண்டும் தழைக்கின்றதா என்பதை, உடல் சொல்வதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே எண் சொல்லிவிடும்.

எண் வாரத்துக்கு வாரம் இறங்கி இயல்பு நிலையில் நின்றால், பின்னர் மாதந்தோறும் பார்ப்பர். எத்தனை மாதம் என்பதைக் கருப்பத்தின் வகையும் இறங்கிய வேகமும் தீர்மானிக்கும். எண் ஒரேயிடத்தில் நின்றாலோ ஏறினாலோ சிகிச்சை தொடங்கவேண்டும். அக்காலம் முடியும் வரை மறுபடி கருத்தரிக்கலாகாது. புதிய கருவும் இதே ஓமோனைச் சுரப்பதால், ஏறிய எண் நோயினுடையதா பிள்ளையினுடையதா என்று பிரித்தறிய முடியாது போகும். தவணை முடிந்தபின் கருத்தரிப்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. மெதோட்ரெக்சேட் பெற்றுக் குணமானவர்களும் பிள்ளை பெற்றிருக்கின்றனர். ஓர் ஆண்டு பொறுக்கும்படி மருத்துவர் அவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

முன்னர் குடாநாட்டுப் புற்றுநோயாளர் பலர் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகம வரை செல்லவேண்டியிருந்தது. தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்த நெடுநடைப்பயணத்தில் திரட்டிய பணத்தைக் கொண்டு தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. தொண்டைமானாற்றிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஒவ்வொரு முறையும் அளந்த எண்ணைத் தேதியோடு ஒரே கொப்பியில் எழுதி வைத்து, எந்த வைத்தியரிடம் சென்றாலும் அதனைக் காட்டுதல் வேண்டும். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே அளப்பிப்பது நல்லது. வெவ்வேறு ஆய்வுகூடங்களின் சோதனைகள் ஒரே குருதிக்குச் சற்று வேறுபட்ட எண்களைக் கொடுப்பதுண்டு. அவ்வேறுபாட்டை ஏற்றமென்றோ இறக்கமென்றோ கொண்டு மயங்க இடமிருக்கக்கூடாது.